பெட்டியில் எழுதியிருக்கும் வாட்: கணினி மின்வழங்கியின் கதை



இளம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்று அடிக்கடி எழும் ஒரு பேச்சு உண்டு. விளையாட்டுக்கென்று ஒரு கணினியைப் பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலேயே பூட்ட வேண்டும் என்பதுதான் அது. புரொசசர் எது, கிராபிக்ஸ் கார்ட் எது என்று பிள்ளைகள் மாதக்கணக்காக ஆராய்வார்கள். வாங்கிய பிறகு அவற்றை ஓவர்குளொக் செய்வதும் திட்டத்தில் இருக்கும். ஓவர்குளொக் என்றால், தயாரித்த நிறுவனம் குறித்த வேகத்துக்கும் மேலே அவற்றை ஓட வைப்பது. பட்டியலின் அடியில் பவர் சப்ளை என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு வரும்போது காசு பெரும்பாலும் முடிந்திருக்கும். "750 வாட் என்று போட்டிருக்கிறது, விலையும் குறைவு, இது காணும்" என்று ஒரு பெட்டியை எடுத்து முடித்துவிடுவார்கள்.

கணினியின் மற்ற எல்லாப் பாகங்களும் அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் இருக்கின்றன. அது பழுதாகும்போது சில நேரம் தனியே பழுதாகாது, மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆகவே அந்த 750 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்வது காசு கொடுப்பவருக்கும் நல்லது, இரவிரவாக விளையாடுபவருக்கும் நல்லது. அதற்கு இந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரும்புக் கட்டியிலிருந்து விடுதலை

சுவரிலிருந்து வருவது ஆடலோட்டம். கனடாவில் அது 120 வோல்ட். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட். கணினியின் சில்லுகளுக்கு வேண்டியதோ சில வோல்ட் அளவிலான நேரோட்டம். ஒன்றை மற்றதாக மாற்றும் பெட்டிதான் மின்வழங்கி.

1970களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு வந்த முதற் கணினிகளில் இந்த வேலையைப் பாரமான இரும்பு மின்மாற்றி ஒன்று செய்தது. 1975இல் வந்த ஆல்ட்டேர் 8800 அப்படிப்பட்டதுதான். மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கும். மீதமாகும் அழுத்தத்தை ஒரு சீராக்கி வெறும் வெப்பமாக்கி வெளியே விடும். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும் பங்கு இப்படி வீணாகும். பெட்டி பாரமாகவும் சூடாகவும் இருக்கும்.

1977இல் வெளிவந்த அப்பிள் 2 கணினியில் வேறொரு முறை கையாளப்பட்டது. அதற்கு மின்வழங்கியை வடிவமைத்தவர் ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர். சுவர் மின்சாரத்தை முதலிலேயே நேரோட்டமாக்கி, அதை ஒரு ட்ரான்சிஸ்டர் மூலம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சிறியதொரு மின்மாற்றிக்குள் அனுப்புவது அந்த முறை. வெட்டும் வேகம் கூடக்கூட மின்மாற்றி சிறியதாக இருந்தாற் போதும். வெப்பமும் குறைவு என்பதால் அப்பிள் 2க்கு விசிறியே தேவைப்படவில்லை.

இந்த முறையையே ஹோல்ட்தான் கண்டுபிடித்தார் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிவந்தார். அது சரியல்ல. பாரம் குறைய வேண்டிய விண்வெளிக் கருவிகளில் இது முன்பே பாவனையில் இருந்தது. கலிபோர்னியாவில் ரொபேர்ட் பொஷேர்ட் என்பவர் 1970களின் தொடக்கத்திலேயே இதை மலிவாகச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார். உயர் அழுத்தத்தைத் தாங்கி வேகமாக வெட்டக்கூடிய ட்ரான்சிஸ்டர்கள் விலை குறைந்ததுதான் உண்மையான காரணம். எப்படியிருந்தாலும், அன்று தொடங்கிய அந்த வெட்டும் முறைதான் இன்றைக்கும் எல்லாக் கணினிப் பெட்டிகளிலும் இருக்கிறது.

63.5 வாட்டின் கணக்கு

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது தனிநபர்க் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கியின் அளவு 63.5 வாட். அதென்ன அரை வாட் என்று கேட்கத் தோன்றும். அதில்தான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது.

அந்தப் பெட்டியிலிருந்து நான்கு வழிகளில் மின்சாரம் வந்தது. 5 வோல்ட் வழியில் 7 அம்பியர். வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட் வரும் என்பதால் அது 35 வாட். 12 வோல்ட் வழியில் 2 அம்பியர், அது 24 வாட். எதிர் 5 வோல்ட் வழியில் ஒன்றரை வாட். எதிர் 12 வோல்ட் வழியில் 3 வாட். கூட்டிப் பாருங்கள், 63.5 வரும். ஒவ்வொரு வழியும் ஒரே நேரத்தில், இடைவிடாமல் எவ்வளவு தர முடியுமோ அதன் கூட்டுத்தொகைதான் அந்த எண். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இதில் 5 வோல்ட் சில்லுகளுக்கு. 12 வோல்ட் பெரும்பாலும் டிஸ்க் டிரைவின் மோட்டார்களைச் சுழற்றுவதற்கு. இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்திருங்கள், பின்னால் இது தலைகீழாகப் போகும்.

ஹார்ட் டிஸ்க் வந்ததும் தேவை கூடியது. 1983இல் வந்த எக்ஸ்.ரி. மாதிரியில் 130 வாட், 1984இல் வந்த ஏ.ரி. மாதிரியில் 192 வாட். ஐ.பி.எம். கணினியைப் பார்த்துச் செய்து விற்ற நூற்றுக்கணக்கான நிறுவனங்கள், ஏறக்குறைய அதே அளவில் 200 வாட் பெட்டிகளைப் போட்டன. பத்தாண்டுகளுக்குமேல் யாரும் மின்வழங்கியைப் பற்றி யோசிக்கவில்லை. கணினிப் பேழை வாங்கினால் அதோடு சேர்ந்து வரும் ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். இந்த அலட்சியமான பழக்கம்தான் பிற்காலத்தில் வினையானது.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்ற புதிய அளவுமுறையைக் கொண்டுவந்தது. 3.3 வோல்ட் வழி ஒன்று சேர்ந்தது. கணினி நின்றிருக்கும்போதும் ஓடும் ஒரு சிறிய 5 வோல்ட் வழியும் வந்தது. அதற்கு முன்பு முகப்புப் பொத்தான் வரை சுவர் மின்சாரமே வயரில் வந்துகொண்டிருந்தது. இனி அந்தப் பொத்தான் ஒரு சைகையை மட்டும் அனுப்பியது.

வேகத்தைக் கூட்டியவர்கள்

ஓவர்குளொக் செய்வது புதிய பழக்கம் அல்ல. ஐ.பி.எம். ஏ.ரி. 6 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் மதர்போர்டில் வேகத்தைத் தீர்மானித்த சிறு படிகம் ஒன்று கழற்றக்கூடியதாக இருந்தது. அதை மாற்றி 8 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடவைத்தார்கள் பலர். பின்னர் வந்த மாதிரிகளில் ஐ.பி.எம். அதைத் தடுக்க ஒரு சோதனையைச் சேர்த்தது.

ஆனால் இதைச் சாதாரண இளைஞர் வரை கொண்டுபோனது 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரோன் 300ஏ என்ற மலிவுப் புரொசசர். 149 டொலர் விலையில் வந்த இது 300 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு உரியது. மதர்போர்டின் அடிப்படை வேகத்தை 66இலிருந்து 100ஆக மாற்றினால், பெரும்பாலான சில்லுகள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடின. பல மடங்கு விலையுள்ள புரொசசரோடு அது போட்டி போட்டது. 2000ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.டி. புரொசசர்களிலோ, மேற்பரப்பில் துண்டிக்கப்பட்டிருந்த சிறு பாலங்களைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்து இணைத்து வேகத்தைக் கூட்டினார்கள்.

செலரோன் காலத்தில் மின்வழங்கி பிரச்சினையாகவில்லை. புரொசசரே இருபது வாட் அளவுதான் எடுத்தது. அதில் பாதி கூடினாலும் 200 வாட் பெட்டிக்கு அது பெரிய பாரம் அல்ல. வேகத்தோடு அழுத்தத்தையும் கூட்டத் தொடங்கியபோதுதான் கணக்கு மாறியது.

ஒரு சில்லு எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆனால் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை மட்டும் 20 வீதம் கூட்டினால் தேவையும் 20 வீதம் கூடும். அந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடுவதற்காக அழுத்தத்தை 10 வீதம் கூட்டினால், அது மட்டும் தேவையை 21 வீதம் உயர்த்தும். இரண்டையும் பெருக்கினால் 45 வீதம். அதாவது 100 வாட் எடுத்த சில்லு 145 வாட் எடுக்கும். வேகத்தில் கிடைத்ததோ 20 வீதம்தான். ஓவர்குளொக் செய்பவர் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் பெட்டி வாங்க வேண்டும்.

ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு

2001ஆம் ஆண்டில் 1.4 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஏ.எம்.டி. அத்லோன் 72 வாட் வரை எடுத்தது. அந்தக் காலத்து அத்லோன் மதர்போர்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட் வழியிலிருந்தே புரொசசருக்கு மின்சாரம் எடுத்தன. 72 வாட்டை 5 வோல்ட்டில் எடுத்தால் 14 அம்பியருக்கும் மேல். அதே வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 6 அம்பியர் போதும். அம்பியர் குறைந்தால் வயரும் இணைப்பும் சூடாவது குறையும்.

இந்தக் காரணத்தால், 2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது, இன்டெல் புரொசசருக்கென்று நான்கு முனை கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பைக் கொண்டுவந்தது. மோட்டார்களுக்காக இருந்த வழி இப்போது புரொசசரின் வழியாயிற்று.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். ஒரே 300 வாட் என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்று 5 வோல்ட்டில் பலமாகவும் 12 வோல்ட்டில் மெலிவாகவும் இருக்கும். மற்றது மாறி இருக்கும். அத்லோனுக்குப் பொருந்திய பெட்டி பென்டியம் 4இல் தடுமாறியது. விளையாட்டின் நடுவில் கணினி தானாக மறுபடி தொடங்கும், திரை நீலமாகும். நினைவகத்தையும் மதர்போர்டையும் மாற்றிப் பார்த்துக் களைத்துப்போனவர்கள் எத்தனையோ பேர். வாட் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அந்த வாட் எந்த வழியில் இருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை.

2003இல் ஏ.ரி.எக்ஸ். முறையின் இரண்டாம் தலைமுறை வந்தது. 20 முனை இணைப்பு 24 முனையாகியது. பெட்டியின் பலத்தில் பெரும்பங்கு 12 வோல்ட்டுக்கு மாறியது. பாதுகாப்புக்காக அந்த 12 வோல்ட் வழி இரண்டாகவும் பிரிக்கப்பட்டது. ஒரு வழியில் 18, மற்றதில் 18 என்று எழுதியிருந்தால் இரண்டையும் கூட்டி 36 அம்பியர் என்று நினைத்தார்கள் வாங்கியவர்கள். உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஒரே மூலம். சேர்த்து எடுக்கக்கூடிய அளவு தனியாகச் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இதற்குள் கிராபிக்ஸ் கார்டும் பசியெடுத்துவிட்டது. புதிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பொருத்தி 75 வாட் வரை தரும். அது போதாதபோது ஆறு முனை இணைப்பிலிருந்து இன்னொரு 75 வாட், பின்னர் எட்டு முனை இணைப்பிலிருந்து 150 வாட். 2006 நவம்பரில் வந்த ஜிபோர்ஸ் 8800 ஜி.ரி.எக்ஸ். கார்டுக்கு இரண்டு ஆறு முனை இணைப்புகள் வேண்டியிருந்தன. பழைய தகரப் பெட்டியை இதற்குப் பூட்டுவது யானைப்பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான்.

வீங்கிய கொள்ளளவிகள்

இதே காலத்தில் இன்னொரு கேடும் நடந்தது. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை, மதர்போர்டுகளிலும் மின்வழங்கிகளிலும் இருந்த கொள்ளளவிகள் தலை வீங்கி, திரவம் கசிந்து, வெடித்துப் பழுதாயின. அவற்றுக்குள் இருந்த இரசாயனத் திரவம் தரமற்றதாக இருந்ததே காரணம். பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் தனது அலுவலகக் கணினிகளைச் சரிசெய்யவும் மாற்றிக்கொடுக்கவும் 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது.

கொள்ளளவியின் வேலை, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது. அது மெலிந்தால் 12 வோல்ட் என்று வர வேண்டியது ஆடிக்கொண்டு வரும். ஏ.ரி.எக்ஸ். முறைப்படி 11.4க்கும் 12.6க்கும் இடையில்தான் அது நிற்க வேண்டும். எல்லையில் வைத்து ஓட்டப்படும் ஓவர்குளொக் கணினிக்கு இந்த ஆட்டம் ஆகாது. சாதாரண வேகத்தில் பொறுத்துப்போகும் சில்லு, கூட்டிய வேகத்தில் தடுமாறும்.

வெப்பம்தான் கொள்ளளவிக்கு எதிரி. இங்கே பெட்டியின் வாட் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. சில நிறுவனங்கள் 25 பாகை வெப்பத்தில் சோதித்து 500 வாட் என்று எழுதின. விளையாட்டுக் கணினியின் உள்ளே காற்று 40 பாகையைத் தாண்டும். அங்கே அதே பெட்டி 500 வாட் தராது. இன்னும் சிலர் ஓரிரு நொடி மட்டும் தரக்கூடிய உச்ச அளவையே பெரிதாக எழுதினார்கள். 1981இல் ஐ.பி.எம். எழுதிய 63.5க்கும் இந்த 500க்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதல்லவா?

80 பிளஸ் சொல்வதும் சொல்லாததும்

2004இல் அமெரிக்காவில் 80 பிளஸ் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிப்பதே அதன் நோக்கம். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 வீதத்தையாவது கணினிக்குக் கொடுக்க வேண்டும், மீதிதான் வெப்பமாகலாம். பெட்டியின் பலத்தில் 20, 50, 100 வீதம் என்ற மூன்று நிலைகளில் அது சோதிக்கப்படும். பின்னர் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டேனியம் என்ற படிகள் வந்தன.

கணினி 500 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 வீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 625 வாட் எடுக்கும். 90 வீதத் திறனுள்ளது ஏறக்குறைய 556 வாட் எடுக்கும். மின் கட்டணத்திலும் அறையின் சூட்டிலும் வித்தியாசம் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: 500 வாட் பெட்டி என்றால் கணினிக்குக் கொடுக்கக்கூடியது 500, திறனைக் காட்டி அதில் கழிக்கத் தேவையில்லை.

இந்தத் திட்டத்தால் பெட்டிகளின் தரம் பொதுவாக உயர்ந்தது உண்மை. ஆனால் தங்கம் என்ற முத்திரை சிக்கனத்தைப் பற்றியது. பாதுகாப்பைப் பற்றியது அல்ல. சோதனையும் 23 பாகையளவு அறை வெப்பத்தில்தான் நடக்கிறது. இந்த வேறுபாட்டை உலகம் 2021இல் கண்கூடாகக் கண்டது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில், கார்ட் வேண்டுமானால் மின்வழங்கியையும் சேர்த்து வாங்கு என்று சில விற்பனையாளர்கள் கட்டி விற்றார்கள். அப்படி விற்கப்பட்டவற்றில் கிகாபைட் நிறுவனத்தின் 750, 850 வாட் பெட்டிகளும் இருந்தன. இரண்டும் தங்க முத்திரை பெற்றவை. சோதனையாளர்கள் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியபோது சில பெட்டிகள் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொள்ளாமல் சத்தத்தோடு வெடித்தன. 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் பாரம் மிகும்போது நிறுத்தும் எல்லையைக் கீழே இறக்கி, முன்பு வாங்கியவர்களுக்கு மாற்றிக்கொடுக்கவும் முன்வந்தது.

கண் இமைக்கும் நேரத்துக்குள்

2020ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த கிராபிக்ஸ் கார்டுகள் வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தன. 350 வாட் எடுக்கும் கார்ட் எப்போதும் 350 எடுத்துக்கொண்டிருப்பதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்குத் திடீரென்று அதன் இரு மடங்கைக் கேட்கும், உடனே இறங்கிவிடும். சராசரியைக் கூட்டிப் பார்த்தால் பெட்டி போதும். இந்தத் திடீர்ப் பாய்ச்சலில் பாதுகாப்புச் சுற்று பயந்து கணினியையே நிறுத்திவிடும்.

இதனால் 2022இல் இன்டெல் ஏ.ரி.எக்ஸ். 3.0 என்ற முறையை வெளியிட்டது. 450 வாட்டுக்கு மேற்பட்ட, புதிய கார்ட் இணைப்புள்ள பெட்டி, தன் அளவின் இரு மடங்கை நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமாவது தாங்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. எண்ணோடு நேரமும் சேர்த்து எழுதப்பட்டது ஒரு முன்னேற்றம்தான்.

கூடவே 600 வாட் வரை ஒரே கேபிளில் தரும் புதிய பதினாறு முனை இணைப்பும் வந்தது. 600 வாட் என்றால் 12 வோல்ட்டில் 50 அம்பியர். அது ஆறு முனைகளில் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் எட்டு அம்பியருக்கு மேல். பழைய எட்டு முனை இணைப்பில் ஒவ்வொரு முனைக்கும் நான்கு அம்பியர் அளவுதான். 2022 அக்டோபரில் ஆர்.ரி.எக்ஸ். 4090 கார்ட் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே இணைப்பு உருகிய செய்திகள் வந்தன. முழுமையாக உள்ளே தள்ளப்படாததே முக்கிய காரணம் என்று என்விடியா நிறுவனம் சொன்னது. 2023இல் இணைப்பு திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த 5090 கார்டின் அளவு 575 வாட். முதல் ஐ.பி.எம். கணினி முழுவதற்கும் கிடைத்ததைப்போல் ஒன்பது மடங்கு, ஒரே ஒரு கார்டுக்கு.

எப்படித் தெரிவது?

இவ்வளவு கதையும் எதற்கு என்றால், கடையில் பெட்டியைக் கையில் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

முதலில் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, புரொசசர் 150 வாட், கிராபிக்ஸ் கார்ட் 250 வாட், மற்றவை எல்லாம் 70 வாட் என்று வையுங்கள். கூட்டினால் 470. புரொசசரை முன்பு சொன்னபடி ஓவர்குளொக் செய்தால் அதற்கு 45 வீதம், அதாவது 68 வாட் கூட. கார்டையும் ஒரு 15 வீதம் உயர்த்தினால் 38 வாட். மொத்தம் 576. இதற்கு 600 வாட் பெட்டி வாங்கினால் அது எப்போதும் மூச்சுத் திணறிக்கொண்டே ஓடும். 750 வாட் வாங்கினால் திடீர்ப் பாய்ச்சலுக்கும் இடமிருக்கும். விசிறியும் மெதுவாகச் சுழலும். 1200 வாட் வாங்குவது வீண் செலவு. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

புரொசசரின் அளவை எடுக்கும்போது, பெட்டியில் பெரிதாக எழுதிய அடிப்படை அளவை விட்டுவிட்டு அதிகபட்ச அளவைப் பாருங்கள். இன்டெல் ஐ9 13900கே புரொசசரின் அடிப்படை அளவு 125 வாட், அதிகபட்சம் 253 வாட். இப்போதெல்லாம் உயர்ரகச் சில்லுகள் தொழிற்சாலையிலேயே எல்லைக்கு அருகில் ஓட்டப்பட்டுத்தான் வருகின்றன. அதற்கு மேலும் கூட்டினால் கிடைக்கும் வேகம் சொற்பம், மின்சாரம் அதிகம்.

இரண்டாவது, பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ட் வழிகள் எல்லாம் சேர்ந்து எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 500 வாட் என்று எழுதிய ஒரு பெட்டியில் அது 18 அம்பியர் என்றால், 216 வாட்தான் உங்கள் புரொசசருக்கும் கார்டுக்கும் உள்ளது. 400 வாட் என்று எழுதிய வேறொன்றில் 30 அம்பியர் என்றால் 360 வாட் இருக்கிறது. விளையாட்டுக் கணினிக்கு 400 என்று எழுதியதே பெரியது. இன்றைய நல்ல பெட்டிகளில் 12 வோல்ட்டின் பங்கு மொத்த எண்ணுக்கு ஏறக்குறைய நெருங்கியே இருக்கும். அப்படி இல்லையென்றால் அது பழைய வடிவம்.

மூன்றாவது, 40 அல்லது 50 பாகை வெப்பத்தில் இடைவிடாமல் தரும் அளவா என்று பாருங்கள். மின்சாரம், அழுத்தம், வெப்பம் மிகும்போதும் குறுக்குச்சுற்று ஏற்படும்போதும் தானாக நிற்கும் வசதி உண்டா என்று பாருங்கள். வட அமெரிக்காவில் சி.எஸ்.ஏ. அல்லது யு.எல். போன்ற பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். பல ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனம் உள்ளே என்ன கொள்ளளவி போட்டிருக்கிறது என்று அறிந்துதான் தரும்.

நான்காவது, கழற்றிப் பூட்டும் கேபிள்கள். ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் பூட்டாதீர்கள். பெட்டிப் பக்கத்து முனைகளின் ஒழுங்குக்குப் பொதுவான முறை எதுவும் இல்லை. துளைக்குள் வடிவாகப் போய் இருக்கும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போகும். படங்களும் பாடங்களும் சேமித்த டிஸ்க் அந்த நொடியே போய்விடும். கெட்டுப்போன பெட்டியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.

ஊருக்குப் போகும் பெட்டிகள்

கடைசியாக, புலம்பெயர்ந்து வாழும் நமக்கென்று ஒரு சொல். பழைய கணினியை ஊரிலுள்ள உறவினருக்கோ பாடசாலைக்கோ அனுப்புவது நம்மிடையே உள்ள நல்ல பழக்கம். பழைய மின்வழங்கிகள் பலவற்றின் பின்புறம் 115, 230 என்று எழுதிய ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும். கனடாவில் அது 115இல் நிற்கும். அப்படியே ஊரில் கொண்டுபோய் 230 வோல்ட்டில் செருகினால், உள்ளே அழுத்தம் இரட்டிப்பாகி, கொள்ளளவிகள் வெடித்து, சேர்ந்திருக்கும் பாகங்களும் கருகலாம். ஐரோப்பாவில் 2001இல் நடைமுறைக்கு வந்த ஒரு மின்சார விதிக்குப் பிறகு, இரண்டு அழுத்தத்தையும் தானாகவே ஏற்கும் பெட்டிகள் பரவின. உங்கள் பெட்டியில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், அனுப்புமுன் அந்த ஆளியை 230க்குத் தள்ளி, மேலே தமிழில் ஒரு குறிப்பும் ஒட்டிவிடுங்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெட்டியில் ஒரு எண் எழுதப்பட்டு வருகிறது. எந்த வழியில், எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்துக்கு என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அடுத்த தடவை பிள்ளை பட்டியலை நீட்டும்போது, கடைசி வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். முதலில் மின்வழங்கிக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மிச்சக் காசில் வேகத்தை வாங்கலாம்.